யார் சொன்னது என்று கேட்ட காலை

இன்று காலை ரேடியோ பேசவில்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த நான்கு பேட்டரிக் கட்டைகளும் கசிந்து, வெள்ளைப் பொடியாகப் பூத்து, கம்பிச் சுருள்களைத் தின்றிருந்தன. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. கேட்காத நாட்களில் கட்டையைக் கழற்றித் தனியாக வை என்று நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய். கசியாது என்று கடைக்காரர் சொன்னார். கட்டையின் மேலேயும் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அச்சில் இருக்கிறதே என்று நம்பினேன். எனக்கு வேண்டியதுதான்.

நீ போன பிறகு இது இரண்டாவது ஐப்பசி. மேட்டுச் சாலையில் உன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மேற்கே மலை இருக்கிற இடமே தெரியவில்லை. தொலைக்காட்சியில் ஒரு பெண் வரைபடத்தின் முன்னால் நின்று தமிழ்நாட்டின் கீழ்ப் பாதி முழுவதையும் ஒரே கையால் தடவிக் காட்டிவிட்டுப் போனாள். அந்தக் கை நம் ஆற்றின் மேலும் பட்டிருக்கும், ராமநாதபுரத்துப் பொட்டல் மேலும் பட்டிருக்கும். சற்று முன் தெருவில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டு, குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனேன். தீபாவளித் துணிக்குத் தள்ளுபடியாம். ஒலிபெருக்கியில் வருகிற குரலுக்கு எல்லாச் செய்தியும் ஒன்றுதான் போலிருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வருகிறது என்பதையும் சேலை மலிவு என்பதையும் ஒரே உற்சாகத்தோடு சொல்கிறது.

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல என்பது ஊருக்கே தெரியும். உனக்கு அது பாளையங்கோட்டையில் கான்வென்ட் விடுதியிலேயே தெரிந்துவிட்டது. ஒரு நாள் மதியம் சாம்பாரில் பல்லி விழுந்துவிட்டது என்று சாப்பாட்டறை முழுவதும் பேச்சு. தொண்ணூறு பெண்களும் தட்டைத் தள்ளி வைத்தார்கள். நான் மட்டும் எழுந்து மேசை மேசையாக விசாரித்தேன். நீ பார்த்தாயா, உன்னிடம் யார் சொன்னது, அவளிடம் யார் சொன்னது. கடைசியில் பல்லியைக் கண்ணால் பார்த்தவள் ஒருத்தியும் இல்லை என்று கண்டுபிடித்து வெற்றியோடு திரும்பி வந்தால், நீ தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாய்.

"பொய்தான். சாப்பிடு" என்றேன்.

"நீ விசாரிச்சு முடிக்கட்டும்னுதான் இருந்தேன். பொய்யா இருந்தா எனக்கு ஒரு வேளைப் பசி. மெய்யா இருந்தா?" என்றாய்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. உண்மையைக் கண்டுபிடித்த எனக்கு ஒரு மரியாதையும் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்த நீ புத்திசாலியாகிவிட்டாய். அந்தப் பேச்சுக்குள் என்ன இருந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. யோசிக்க எனக்கு நாற்பது வருடம் ஆயிற்று.

பிறகு நான் வக்கீல் வீட்டு மருமகளாகி ஆற்றங்கரைத் தெருவுக்கு வந்தேன். நீ கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி, தொலைபேசி நிலையத்தில் வெளியூர்ப் பேச்சுகளை இணைக்கிற டிரங்க் போர்டு முன்னால் உட்கார்ந்தாய். மலைமேல் அணைக்கட்டு ஆபீசிலிருந்து திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் போகிற அவசரப் பேச்செல்லாம் உன் கை வழியாகத்தான் போகும். இணைப்புக் கிடைத்ததா என்று பார்க்க ஒரு நொடி காதில் வாங்கியாக வேண்டும். அந்த நொடியில் எத்தனை வீட்டுக் கதை விழுந்திருக்கும். நானும் பல தடவை கிளறிப் பார்த்திருக்கிறேன். டாக்டர் வீட்டுச் சம்பந்தம் ஏன் நின்றுபோனது என்று கூடக் கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே, "காதுல விழும். வாயில வராது" என்பாய். கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று வேலையில் சேர்ந்த அன்று எழுதிக் கொடுத்திருந்தாய். முப்பது வருடத்துக்கு மேலாக என்னிடம் கூட ஒரு சொல் சிந்தவில்லை. அப்போது அதை அழுத்தம் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு வீட்டில் நானும் பெரியக்காவும்தான். பெரியக்கா என் கணவரின் மூத்த சகோதரி. இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தாலும் வாய் மட்டும் தெருவெல்லாம் நடந்துவிட்டு வரும். ரெண்டு கிழவிகள் ரெண்டு வீட்டில் எதற்கு அடுப்பு மூட்ட வேண்டும், பெரியக்காவையும் அழைத்துக்கொண்டு என்னோடு வந்து இரு என்று நீ அந்த ஒரு வருடத்தில் மூன்று முறை கேட்டாய். மூன்று முறையும் மறுத்தேன். ஒருவர் வீட்டில் போய் ஒண்டுவது என் வழக்கமில்லை.

வெள்ளம் வந்த ஐப்பசிக்கு முந்தைய ஐப்பசியில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் நடந்துகொண்டதற்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விடும். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மதியம். மைக் கட்டிய வேன் ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்தது. அணை திறந்தாயிற்று, எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று இரண்டு சுற்று சுற்றிச் சொல்லிவிட்டுப் போனது. தெருவே போயிற்று. பெரியக்காவைக் கட்டிலோடு தூக்கிப் போனோம். மாலை திரும்பி வந்தால் ஆறு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் ஏழெட்டு வீடுகளில் பின்கதவு பெயர்க்கப்பட்டு, பித்தளையும் வெண்கலமும் போயிருந்தன. என் மாமியார் சீராகக் கொண்டு வந்த அண்டாவும் அதில் ஒன்று. வேன் யாருடையது என்று எந்த ஆபீசிலும் யாருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எந்த எச்சரிக்கை வந்தாலும், யார் சொன்னது, எப்போது சொன்னது, அவருக்கு யார் சொன்னது என்று மூன்றையும் கேட்காமல் வாசற்படியை விட்டு இறங்குவதில்லை. வீட்டுக்கு ஏழு பூட்டு வாங்கினேன். அதையெல்லாம் உன்னிடம் பெருமையாகச் சொன்னேன். "நல்ல காரியம். ஆறும் உன்னிட்ட கேட்டுக்கிட்டுத்தான் வருமாக்கும்" என்றாய்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

மூன்று நாளாக மழை. கரண்டு இல்லை. ரேடியோவில் காலைச் செய்தி, தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனத்த மழை பெய்யக்கூடும் என்றது. அந்த ஓரிரு இடங்கள் எங்கே இருக்கின்றன என்று நான் பிறந்ததிலிருந்து யாரும் சொன்னதில்லை. பேப்பர் வரவில்லை. வந்தாலும் முந்தைய நாள் மழையைத்தான் சொல்லும். ஆகவே மனிதர்களிடம் விசாரித்தேன். எதிரே பலசரக்குக் கடை அண்ணாச்சி, நாளை சாயங்காலம்தான் அணை திறக்கிறார்கள், அதுவும் கொஞ்சமாகத்தான் என்றார். பால்காரரும் அதையே சொன்னார். ரேஷன் கடை எழுத்தரும் அதையே சொன்னார். ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாத மூன்று பேர், ஒரே செய்தி. இதைவிட என்ன உறுதி வேண்டும் என்று இட்லிக்கு அரிசி நனையப் போட்டேன்.

பத்து மணி இருக்கும். தொலைபேசி அடித்தது.

"ஏட்டி, பெரியக்காவக் கூட்டிக்கிட்டு இப்பமே இங்கன வந்திரு. வண்டி கெடைக்கலன்னா பள்ளிக்கூடத்துக்காவது ஏறிரு."

"எதுக்கு?"

"தண்ணி வருது."

"யார் சொன்னா?"

உன் பின்னால் மணிகள் விடாமல் அடிப்பதும், ஒரு பெண் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கத்துவதும் கேட்டன.

"அத மட்டும் கேக்காத. வா."

"மூணு பேர்ட்ட கேட்டாச்சு. நாளைக்குச் சாயங்காலந்தானாம். நீ சொல்லுததுக்கு ஆதாரம் என்ன?"

"நான் சொல்லுதேன்லா. அது போதாதா?"

"போதாது" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குள் வேறொரு நினைப்பு தலை தூக்கியது. மூன்று முறை அழைத்தும் வராதவளை நான்காவது முறை வரவழைக்க இது ஒரு வழி. நாலு நாள் உன் வீட்டில் தங்கினால், பிறகு மழை, பிறகு பெரியக்காவின் உடம்பு என்று ஏதாவது சொல்லி அங்கேயே வைத்துக்கொள்வாய். அப்படித்தான் என் புத்தி போயிற்று.

"என்னைய அங்கன கொண்டுபோய் வைக்கணும்னு ஒரு வருசமா நிக்க. இப்பம் ஆத்தையும் கூட்டுச் சேத்துக்கிட்டியோ?"

நீ "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். கோபமா, வருத்தமா என்று அந்த ஒரு சொல்லில் தெரியவில்லை. பிறகு எத்தனையோ நாள் கேட்டும் நீ சொல்லவில்லை.

முப்பது வருடமாக வாய் திறக்காதவள் ஒரு நாள் திறக்கிறாள் என்றால், அதைவிட வேறு என்ன ஆதாரம் வேண்டும்? அதற்கு விசாரணையே வேண்டாம். ஆனால் ஊரில் யார் சொல்வதையும் எடை போடத் தெரிந்த எனக்கு, உன் ஒரு வாக்கியத்தை எடை போடத் தெரியவில்லை.

அரை மணிக்கு மேல் ஆயிற்று. வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. சேலை முழுக்க நனைந்து, ஒரு காலில் செருப்பு இல்லாமல் நீ உள்ளே வந்தாய். போர்டில் இருந்த சின்னப் பெண்ணிடம் காதுமாட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் எழுந்து வந்திருக்கிறாய் என்பது எனக்கு அப்போது தெரியாது. என்னைப் பார்க்கக் கூட இல்லை. நேராகக் கட்டிலுக்குப் போனாய்.

"பெரியக்கா, எங்க வீட்டுக்கு வாங்க. ஒரு நாளு இருந்துட்டு வரலாம்."

"யாரு, போன் போடுத பிள்ளையா? என்னட்டி, கோழி மாதிரி நனைஞ்சு போயி நிக்க?" என்றாள் பெரியக்கா. பிறகு என் பக்கம் கண்ணைக் காட்டி, "கூப்பிட்டா போக வேண்டியதுதான. இவகிட்ட ஏன் கேட்ட? எமன் வந்தாலும் இவ ரசீது கேப்பா" என்றாள்.

நீயும் டிரைவரும் அவளை மர நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக் காரில் ஏற்றினீர்கள். நான் சாவிக்கொத்தோடு நின்றேன். பெரியக்கா போகட்டும், பாதகமில்லை. ஆனால் போன தடவை அண்டா போன மாதிரி இந்தத் தடவை எதுவும் போகக் கூடாது. நீ திரும்பி வந்து நடுக்கூடத்தில் நின்றாய்.

"எத்தன பூட்டு?"

"ஏழு."

"பூட்டு. ஏழையும் பூட்டு. நான் நிக்கேன்."

ஒரு சொல் கூட அவசரப்படுத்தவில்லை. அதுதான் என்னால் பொறுக்க முடியாமல் இருந்தது. ஒருத்தியை நம்பவில்லை என்று சொன்ன பிறகு அவளே வந்து நம் பூட்டுகளுக்குக் காவல் நின்றால் கை எப்படிச் சாவியைத் திருப்பும்? பீரோ, நெல் அறை, புத்தக அலமாரி, மாடிக் கதவு என்று நான்கு பூட்டினேன். ஐந்தாவதாக அடுப்படிக்குப் போனபோது, அங்கணத்தில் தண்ணீர் நின்றது. பாத்திரம் கழுவிய தண்ணீர் வெளியே போகிற தூம்பு வழியாகத் தேயிலைச் சாயத் தண்ணீர் போல ஒன்று உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. கூடவே மலைச் சருகுகள். அவற்றை நம் பக்கத்து மரங்களில் நான் பார்த்ததில்லை. போக வேண்டிய வழியில் தண்ணீர் திரும்பி வருகிறது. இதற்கு யார் சொன்னது என்று கேட்க முடியாது.

சாவிக்கொத்தை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்தேன். வாசற்கதவைச் சாத்தக் கூட இல்லை.

நான் அடுப்படிக்குப் போன நேரத்தில் நீ தெருவில் இறங்கிக் கதவு கதவாகத் தட்டத் தொடங்கியிருந்தாய். யாரும் அசையவில்லை. போன வருடம் இழந்தவர்கள் அல்லவா? அண்ணாச்சி கடைப்பலகையில் உட்கார்ந்தபடி உன்னை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா சொன்னது? நாளைக்குச் சாயங்காலம்னுல்லா பேச்சு. போன வருசம் இப்படித்தான் ஒருத்தன் மைக்ல கத்தி என் வெண்கலப் பானையத் தூக்கிட்டுப் போனான்."

பத்து மணிக்கு என் வாயிலிருந்து வந்த கேள்வி. இன்னொருவர் வாயில் கேட்கும்போது அது எவ்வளவு நியாயமாகவும் எவ்வளவு முட்டாள்தனமாகவும் இருந்தது என்பதை உனக்கு நான் சொன்னதில்லை.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்லுதிய?"

"நான் கெளம்பிட்டேன் அண்ணாச்சி."

"நீங்களா?" என்றவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "வாசக்கதவு தொறந்து கெடக்கே."

"கெடக்கட்டும்."

அவர் பலகையை விட்டுக் குதித்துவிட்டார். "ஏலே, வக்கீல் வீட்டம்மா கதவத் தொறந்து போட்டுட்டுப் போறாகலே. கெளம்புங்கலே, எல்லாரும் கெளம்புங்க" என்று தெருவின் அந்தக் கோடிவரை ஓடினார்.

நீ தட்டியும் திறக்காத கதவுகள் என் வீட்டுக் கதவு திறந்து கிடந்ததற்காகத் திறந்தன. இதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. அண்ணாச்சி நம்பியது என் பேச்சை அல்ல, என் சந்தேகத்தை. இத்தனை சந்தேகக்காரியே ஓடுகிறாள் என்றால் ஓடத்தான் வேண்டும் என்று கணக்குப் போட்டார். அவரவர் அவரவருக்குத் தோன்றிய கணக்கில் ஏறினார்கள். எல்லோரும் ஏறினார்கள். அதுதான் முக்கியம்.

மதியத்துக்குள் எங்கள் தெருவில் கூரைகள் மட்டும் தெரிந்தன. அண்ணாச்சி கடையின் தகரப் பலகை ஒரு பக்கம் சாய்ந்து மிதந்து போனதைப் பள்ளிக்கூட வராந்தாவிலிருந்து பார்த்தோம். அதன் பிறகு ஒரு ஜீப் மேட்டுச் சாலைக்கு வந்து, ஆற்றங்கரைத் தெருவாசிகள் உடனே வெளியேற வேண்டும் என்று தண்ணீரைப் பார்த்து மைக்கில் சொன்னது. நல்ல உச்சரிப்பு. குறை சொல்ல முடியாது.

பள்ளிக்கூடத்தில் இருந்தபடியே நான் என் விசாரணையை முடித்தேன். நாளை சாயங்காலம் என்று அண்ணாச்சிக்குச் சொன்னது முதல் பஸ்ஸின் கண்டக்டர். பால்காரருக்கும் அவரேதான். ரேஷன் கடை எழுத்தருக்கும் அவரேதான். கண்டக்டருக்கு யாரோ ஒரு பயணி சொல்லியிருக்கிறார். மூன்று சாட்சி என்று நினைத்தேன். ஒரே சாட்சி மூன்று சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். பல்லியைத் தேடி மேசை மேசையாகப் போனவள், இந்த ஒரு கேள்வியை மட்டும் முழுவதும் கேட்காமல் விட்டிருக்கிறேன். எனக்குப் பிடித்த பதில் கிடைத்ததும் கேட்பதை நிறுத்திவிட்டேன். அப்படித்தான் இருக்கும்.

நானும் பெரியக்காவும் உன் வீட்டுக்கு வந்தோம். நீ மூன்று முறை கேட்டது நடந்தது. உன் முகத்தில் வெற்றி தெரிகிறதா என்று சில நாள் பார்த்தேன். தெரியவில்லை. மறைத்திருப்பாய் என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு.

இரண்டு வாரம் கழித்து, நீ ஆபீசில் இருந்த ஒரு முற்பகலில், விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார். மரியாதையானவர். நீ வேலை நேரத்தில் போர்டை விட்டுப் போனதும், கேட்ட பேச்சை வெளியே சொன்னதும் உன் மேல் குற்றமாக எழுதப்பட்டிருக்கின்றன என்றார். நீ ஓய்வு பெற நான்கு மாதம்தான் இருந்தது. அத்தனை வருடம் ஒரு கறை இல்லாமல் இருந்தவள் கறையோடு வீட்டுக்குப் போக வேண்டுமா இல்லையா என்பது என் வாய்ச்சொல்லில் இருந்தது.

"ஜீப் வருவதற்கு முன்பே உங்கள் தெரு காலியாகிவிட்டதாமே. உங்களுக்கு யார் சொன்னது அம்மா?"

என் கேள்விதான். எழுத்துக்கு எழுத்து.

"யாரும் சொல்லவில்லை. அங்கணத்தில் தண்ணீர் ஏறியது. கிளம்பினோம்" என்றேன்.

"காலையில் அவர் உங்களுக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறாரே?"

"அக்காவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். மூச்சுத் திணறுகிறது என்றேன். பார்க்க வந்தாள்."

உள்ளேயிருந்து பெரியக்கா குரல் கொடுத்தாள். "ஆமா சார். மூச்சு முட்டிச்சு. அந்தப் பிள்ள வரலன்னா நான் செத்தே போயிருப்பேன். இந்தா, இப்பமும் முட்டுது பாருங்க." உடனே முட்டவும் தொடங்கிவிட்டாள். அதிகாரி எழுந்து மின்விசிறியைப் போட்டார்.

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்தும் போட்டேன். வகுப்பில் பொய் சொன்ன பெண்ணோடு ஒரு பருவம் முழுவதும் பேசாமல் இருந்தவள் நான். கையெழுத்து வழக்கம்போல நேராகவே விழுந்தது என்பதைத்தான் பிறகு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் நீ வந்ததும் ஒரு சாகசக்காரி மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். நீ காபி டம்ளரை மேசையில் வைத்தாய்.

"ஏட்டி, நான் போன வாரமே எழுதிக் குடுத்துட்டேன். அணை தொறக்காங்கன்னு காதுல கேட்டேன், சொன்னேன், போர்ட விட்டுப் போனேன்னு. மூணே வரி."

"என்னிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே" என்றாய்.

பெரியக்கா உள்ளேயிருந்து சிரித்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நீயும் சிரித்தாய். என்னால் முடியவில்லை. வாழ்நாள் முழுவதும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேசினவள், ஒரே ஒரு நாள் கேட்காமல் பேசினேன். உன் உண்மையும் என் பொய்யும் ஒரே கோப்பில் அடுத்தடுத்த தாளில் இருந்திருக்கும். உனக்கு வேலை போகவில்லை. ஆனால் கடைசி நான்கு மாதமும் உன்னைப் போர்டின் பக்கம் விடவில்லை. பழைய டைரக்டரிகள் அடுக்கிய அறையில் ஒரு மேசை. அந்த அறையில் தொலைபேசி கிடையாது. குரல்களுக்கு நடுவிலேயே இருந்தவள் நான்கு மாதம் தாள்களுக்கு நடுவில் இருந்துவிட்டு வந்தாய். வருத்தமா என்று கேட்டேன். "நல்ல காத்து வரும் அங்கன" என்றாய். இதையும் நான் நம்பவில்லை.

நீ ஓய்வு பெற்ற பிறகுதான் நாம் இருவரும் உட்கார்ந்து எதை நம்புவது என்று ஒழுங்காக முடிவு செய்தோம். அது முடிவு செய்ததா, சண்டையா என்று சொல்ல முடியாது. நான் மூன்று வழி வேண்டும் என்றேன். நீ இரண்டு போதும், ஆனால் இரண்டும் ஒரே வாயிலிருந்து வரக் கூடாது என்றாய். "மூணாவது வாரதுக்குள்ள தண்ணி வந்திரும்." கரண்டு போனாலும் பேசுகிறதா, நாம் போய்க் கேட்காமல் அதுவே நம்மைத் தேடி வருகிறதா என்று ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தாய். தொலைக்காட்சி தேறவில்லை. பேப்பர் தேறவில்லை. மைக் வண்டியை நான் தேறவிடவில்லை. மிஞ்சியது ரேடியோ. அதோடு, மலையடிவாரத்து ஊரில் இருக்கிற ஒரு டீச்சர். அவர் வீட்டுப் பின்கட்டில் நின்றால் ஆறு தெரியும். ஆறு நிறம் மாறினால் உனக்குப் போன் செய்வதாக ஒப்புக்கொண்டார். அந்தத் தெருவுக்குத் திரும்பிப் போன அண்ணாச்சி, கடையை மறுபடி கட்டியபோது மஞ்சள் பலகை மாட்டி எஸ்.டி.டி. பூத்தும் வைத்திருந்தார். அங்கே சொன்னால் தெருவுக்குச் சொன்ன மாதிரி. இரண்டு வழியிலும் ஒரே செய்தி வந்தால் நீ அவருக்குப் போன் போடுவாய். நீ இருந்தவரை இரண்டு முறை போட்டாய். இரண்டு முறையும் தண்ணீர் வந்தது.

போன வருடம் ஆடியில் காய்ச்சல் என்று பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. கடைசிவரை சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். அதை நான் முழுவதும் நம்பினேன். கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் கார்த்திகையில் போன் போடுகிற வேலை எனக்கு வந்தது. மலையடிவாரத்து டீச்சர் முற்பகலில் கூப்பிட்டார். தண்ணீர் கலங்கி, கரையை நோக்கி ஏறுகிறது என்றார். ரேடியோ மலைப்பகுதியில் மிகக் கனத்த மழை என்றது. இரண்டு வாய், இரண்டு வெவ்வேறு வாய்தானா என்று ஒரு முறைக்கு இரு முறை யோசித்தேன். பிறகு அண்ணாச்சிக்குப் போட்டேன். "ஏறிருங்க" என்றேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. வைத்துவிட்டார். என்னிடம் யாரும் கேட்காமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை. நாற்பது குடும்பம் பாத்திரம், படுக்கை, குழந்தைகளோடு அந்த மழையில் ஏறியிருக்கிறது, என் ஒரு சொல்லுக்காக.

அன்று தண்ணீர் வரவில்லை. மழை மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மறுநாள் விடிந்ததும் பூத்திலிருந்து போன் வந்தது. நான் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா, நேத்து ஒண்ணும் வரலை."

"தெரியும் அண்ணாச்சி."

"தெருவுல ரெண்டு மூணு பேரு சலிச்சுக்கிட்டாவ. யார் சொன்னான்னு வக்கீல் வீட்டம்மாட்ட கேளும்வேன்னு சொல்லுதாவ."

டீச்சர் எத்தனை மணிக்குக் கூப்பிட்டார், அவர் கண்ணால் என்ன பார்த்தார், ரேடியோ எத்தனை மணிச் செய்தியில் என்ன சொன்னது என்று எல்லாவற்றையும் நான் எழுதி வைத்திருந்தேன். படித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரிதான். இத நான் நேத்தே கேட்டிருக்கணுமோ?"

"நேத்து கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேன். மேட்டுக்கு ஏறி நின்னுக்கிட்டுக் கேளுங்க. எத்தன கேள்வி வேணும்னாலும் கேளுங்க, சொல்லுதேன். கீழ நின்னுக்கிட்டுக் கேக்காதீங்க."

பக்கத்தில் யாரிடமோ அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது. பிறகு, "அப்பம் அடுத்த தடவையும் போடுங்க. பைய ஏறிக்கிடுதோம்" என்று வைத்தார்.

இதை உன்னிடம் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். என் சந்தேகம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அது அப்படியேதான் இருக்கிறது. டீச்சரை, ரேடியோவை, என் காதை, எல்லாவற்றையும் இன்றும் சந்தேகப்படுகிறேன். அதை வைக்கிற இடத்தைத்தான் மாற்றியிருக்கிறேன். அன்று பத்து மணிக்கு நீ கூப்பிட்டபோது, வருகிறேன், வந்து கேட்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நீ போர்டை விட்டு எழுந்திருக்க வேண்டிய அவசியம் வந்திருக்காது.